அஞ்சு மணி வெந்நீர்

மார்ச் 3, திங்கள்

எங்க ஊட்டுக்காரர் தவறிப்போய் இன்னைக்கு நாப்பத்தி மூணு நாள். ரேசன்ல பாமாயில் வரலையாம். சும்மா திரும்பி வந்தேன்.

மார்ச் 5, புதன்

சரவணம்பட்டி காலேஜ்ல படிக்கிற லோகப்பிரியா வந்துச்சு. போன வருசம் மீட்டருக்குப் பக்கத்துல ஒரு சின்னப் பெட்டி மாட்டுன பொண்ணு. எந்நேரம் எவ்வளவு கரண்ட் ஓடுதுன்னு பெட்டி சொல்லிரும். அத வெச்சு, இருபது வருசத்துல நாட்டுக்கு எவ்வளவு கரண்ட் வேணும், எதுலருந்து எடுக்கறதுன்னு கம்ப்யூட்டர் கணக்குப் போடுமாம்.

"அக்கா, காலைல அஞ்சு மணி ஹீட்டரக் காணோமுங்க. பெட்டி கெட்டுப்போச்சுங்களா?"

பெட்டி நல்லாத்தான் இருக்குது கண்ணு. அவருதான் இல்ல.

அந்தப் பொண்ணு பக்கத்துல வந்து உக்காந்துச்சு. அப்புறம் லேப்டாப்பத் தொறந்து காட்டுச்சு. தட்டையாப் போற கோடு அஞ்சு மணிக்குச் சுருக்குனு எந்திரிக்குது. போன வருசத்துல ஒவ்வொரு நாளும். மொத ஷிப்டுக்குப் போக அவரு குளிக்கிற வெந்நீர். கல்யாணப் போட்டோவுல இருக்கறவர விட இதுலதான் எனக்கு அவரத் தெரியுது.

கம்ப்யூட்டர் போட்ட கணக்குல கோடு ரெண்டாயிரத்து நாப்பத்தஞ்சு வரைக்கும் போகுது. அப்பவும் அஞ்சு மணிக்கு எந்திரிக்கறார்.

"போன வருசம் நெரப்புன பாரத்துல ஊட்டுல ரெண்டு பேருன்னு இருக்குதுங்க. அடுத்த மாசம் வந்து எல்லாத்தையும் மாத்திக்கறேங்க்கா."

எதுக்கு மாத்தோணும்?

மார்ச் 6, வியாழன்

அஞ்சு மணிக்குப் பக்கெட்டுல ஹீட்டர் கம்பியப் போட்டேன்.

மார்ச் 7, வெள்ளி

போட்டேன். தண்ணி ஆறுனதும் கருவேப்பிலைச் செடிக்கு ஊத்திப்போட்டேன்.

மார்ச் 20, வியாழன்

செடிகிட்ட வெச்ச பக்கெட்டுல ஆவி பறக்கறதப் பக்கத்து ஊட்டு ஜன்னத் பார்த்துட்டா. "ஏனுங்க்கா, செடிக்குச் சளி புடிச்சிருக்குங்களா?" சிரிச்சுப்போட்டேன். எத்தனை நாளாச்சு.

தண்ணி உஸ்ஸுங்கறப்ப அவரு துண்டு தேடறாப்புலயே இருக்குது. துண்டு கொடியிலதான் கெடக்குது. எடுக்கல.

ஏப்ரல் 9, புதன்

லோகப்பிரியா வந்துச்சு. "ஹீட்டர் திரும்ப ஓடுதுங்க. நீங்களும் அந்நேரத்துக்கே குளிக்கறீங்களாக்கா?"

ஆமான்னு தலைய ஆட்டிப்போட்டேன்.

"அப்ப வரப்போற வருசத்துக் கோட்டையும் இப்படியே உட்டர்றேங்க."

என் ஒரு ஊடு நாட்டுக்கு எந்த மூலைக்குன்னு கேட்டேன்.

"உங்கள மாதிரி ரெண்டாயிரம் ஊட்டுக்கு உங்க ஊடுதானுங்க கணக்கு. அந்நேரம் வெயில் இல்ல, சோலார் வராது. அந்த ரெண்டாயிரம் ஹீட்டருக்கும் நிலக்கரி எரிக்கோணும்னு கம்ப்யூட்டர் சொல்லும்."

ரெண்டாயிரம் ஊட்டுல அவரு குளிக்கறார். கேக்கவே நல்லாத்தான் இருந்துச்சு. பொண்ணு போன பொறகுதான் ஒறைச்சுது. செருப்புத் தேய ஊடு ஊடா அலைஞ்சு சேத்த கணக்கு. அதுல போய் நான் பொய்யக் கலந்துபோட்டனே. அவரு இருந்தா என்ன சொல்லுவாரு?

ஏப்ரல் 10, வியாழன்

லோகப்பிரியாவுக்குப் போன் பண்ணிச் சொல்லிப்போட்டேன், குளிக்கறது நானில்ல, செடிக்குத்தான் ஊத்தறேன்னு. திட்டும்னு நெனச்சேன். திட்டல. நானேதான் கேட்டேன்.

"பழைய கோட்ட அழிச்சுருவியா அம்மணி?"

"இல்லீங்க்கா. அவரு இருந்த வரைக்கும் அப்படியே இருக்கும். அத யாரும் தொட மாட்டோம். இனி வரப்போறதத்தான் மாத்தறது."

அப்புறம் மெதுவாக் கேட்டுச்சு, ஊட்டுல எத்தனை பேருங்கன்னு.

ஒண்ணுன்னேன்.

ஏப்ரல் 11, வெள்ளி

அஞ்சு மணிக்கு முழிப்பு வந்துருச்சு. ஹீட்டர் போடல. விடியற வரைக்கும் சும்மா படுத்துக் கெடந்தேன்.

பச்சத் தண்ணியில குளிச்சேன். அவரு துண்டுலதான் தொவட்டுனேன்.