நில்லு நில்லு, தள்ளு தள்ளு

ஆகஸ்ட் 17
வைத்திக்குப்பத்திலிருந்து மீன் கொண்டுவரும் அஞ்சலாட்சி இன்றும் கேட்டாள். "புள்ள இன்னும் நடக்கலியா? கடக்கரைக்குத் தூக்கினு போயி மணல்ல குழி நோண்டி முட்டி வரிக்கும் நிக்க வைம்மா. அதுவே ஓடும்." சங்கரா மீனை நறுக்கிக்கொண்டே சிரித்தாள். நானும் சிரித்தேன்.

சுடர்விழிக்கு ஒன்றரை வயது. பிடித்துக்கொண்டு நிற்கிறாள். கையை எடுத்தால் பொத்தென்று உட்கார்ந்துவிடுகிறாள். டாக்டர் காலைத் தட்டிப் பார்த்து, "நல்லா இருக்கு, அவசரப்படாதீங்க" என்கிறார். நான் அவசரப்படவில்லை. ராத்திரி எழுந்து எழுந்து அவள் பாதத்தைத் தொட்டுப் பார்ப்பதற்குப் பெயர் அவசரமா என்ன?

ஆகஸ்ட் 19
நாவல் மூன்றாம் அத்தியாயத்தில் நிற்கிறது. என் கதாநாயகி துர்கா வேளாங்கண்ணிக்குப் பாதயாத்திரை போகிறாள். நடக்கிறாள், யோசிக்கிறாள், வாழ்க்கையைப் புரிந்துகொள்கிறாள். சாரத்தில் எங்கள் வீட்டு ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து எழுதினால் யாரும் அப்படித்தான் நடப்பார்கள்.

என்னோடு கல்லூரியில் படித்த ஜோசெத், உப்பளத்துக்காரி, வருடாவருடம் நடக்கிறவள். படிக்கக் கொடுத்தேன். "உன் துர்காவுக்கு காலே வலிக்காதாடி? ஒண்ணுக்கு வராதா? பேசாம என்கூட வா. ஞாயித்துக்கெழம கெளம்பறோம்."

எனக்கு வேண்டுதல் ஒன்றும் இல்லையே என்றேன்.

"மாதா ரசீது கேக்க மாட்டாங்க. வா."

ஆகஸ்ட் 21
போக வேண்டும். போகக் கூடாது. பால் மறந்தாச்சு, சரி. தூக்கம்? நான் பாடினாதானே தூங்குவா? நானே கட்டின பாட்டு. ராகம் கிடையாது, அர்த்தமும் கிடையாது.

மீனு வந்தா சொல்லு சொல்லு
மேகம் வந்தா நில்லு நில்லு

இன்னொரு பயம். எழுதவே வெட்கமாக இருக்கிறது — நான் இல்லாதப்ப அவ நடந்துட்டா? நடக்கலியேன்னு அழறதும் நான்தான், நடந்துடுவாளோன்னு அழறதும் நான்தான். என் கணவன் இளம்பரிதியிடம் சொல்லிவிட்டேன். அவன் சிரிக்கவில்லை. "நீ வர்ற வரிக்கும் நடக்க வேணாம்னு அவகிட்ட சொல்லி வக்கிறேன்" என்றான். அவன் தங்கை பூர்ணிமா வந்து கூடத் தங்குகிறாள்.

போகிறேன்.

ஆகஸ்ட் 24, கடலூர்
குதிகாலில் கொப்புளம். இன்று நான் யோசித்தவை: டீ. நிழல். மறுபடி டீ.

மூன்றாம் அத்தியாயம் குப்பைக்கு.

ஆகஸ்ட் 26, கொள்ளிடம் தாண்டி
இதை மறப்பதற்குள் எழுத வேண்டும்.

எங்களுக்கு முன்னால் மாதா சொரூபமும் ஒலிபெருக்கியும் வைத்த டாட்டா ஏஸ் போகும். கோவிந்தசாமி ஓட்டுகிறார். நேற்று மழையில் ஆம்ப்ளிஃபயருக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. இன்று பாட்டு இல்லை. மதியத்துக்குள் கூட்டம் சிதறிப்போனது, பல் விழுந்த சீப்பு மாதிரி. அதுவரை அந்தப் பாட்டை வெறும் சத்தம் என்றுதான் நினைத்திருந்தேன். அதுதான் எங்களைச் சேர்த்துக் கட்டியிருந்த கயிறு.

ஆளுக்கொரு பாட்டு என்றாள் ஜோசெத். என் முறை வந்தது. முழுசாகத் தெரிந்தது ஒன்றுதான். பாடினேன். நடை தளர்ந்தது. 'நில்லு நில்லு' வந்ததும் முன்வரிசை நிஜமாகவே நின்றுவிட்டது.

கோவிந்தசாமி வண்டியிலிருந்து தலையை நீட்டினார். "ஏம்மா, நடக்கிற ஜனத்த நில்லு நில்லுன்னா எப்பிடி? எனக்கே ஸ்டீரிங்க புடிச்சினு தூக்கம் வருது!"

ரோடே சிரித்தது. "தள்ளு தள்ளுன்னு போடுடி!" என்று ஜோசெத் வேகமாகக் கை தட்ட ஆரம்பித்தாள்.

மேகம் வந்தா தள்ளு தள்ளு!

கால்கள் தாமாகத் தாளத்தில் விழுந்தன. என் குரலுக்கு இத்தனை பேர் நடக்கிறார்கள்! கொள்ளிடம் பாலம் எப்போது முடிந்தது? கொப்புளம் எங்கே போனது? ஜோசெத் ஃபோனில் பதிவு செய்தாள். வீட்டுக்கு அனுப்பினேன்.

ஆகஸ்ட் 27
இளாவின் பதில்: "பாட்டு சூப்பர். சுடர் நல்லா தூங்குனா." அவ்வளவுதான். தினமும் பத்து வீடியோ அனுப்புகிறவன். சுடருக்கு ஜுரமா? கேட்டால், "நெட் சரியில்ல" என்கிறான்.

ஆகஸ்ட் 29, வேளாங்கண்ணி
கொடி ஏறிவிட்டது. கடலா கூட்டமா என்று தெரியவில்லை. சுடருக்காக ஏதாவது கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். 'தள்ளு தள்ளு' என்றுதான் வந்தது. அதுவே போதும் என்று விட்டுவிட்டேன்.

நடந்துட்டேன். நான்தான் நடந்தேன்.

ஆகஸ்ட் 30, சாரம்
கூடத்தில் இளாவும் பூர்ணிமாவும் பள்ளிக்கூட நாடகத்தில் நிற்பதுபோல் நின்றார்கள். சுடர் இரும்பு ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அங்க உக்காந்து பாடேன்" என்றான் இளா, ஒன்றும் தெரியாதவன்போல.

பாடினேன். 'தள்ளு தள்ளு' வந்ததும் ஸ்டூலை விறுவிறுவென்று தள்ளினாள். பாதியில் விட்டாள். டீப்பாய் முனையை அழகாக ஒதுங்கி, என் மடிக்கு வந்து சேர்ந்தாள்.

"ஐயோ அண்ணி! மொத மொத நடக்கறா!" பூர்ணிமா போட்ட சத்தத்துக்கு நான்தான் திடுக்கிட்டேன். குழந்தை திடுக்கிடவில்லை.

முதல் தடவை நடக்கிற குழந்தை டீப்பாய் முனையை ஒதுங்குமா? சிவப்புத் தரையைப் பார்த்தேன். புதுக் கீறல்கள், ஸ்டூல் கால்களின் அகலத்தில். போச்சு. நான் பார்க்கல.

அப்புறம் கீறல்களின் கூடவே கண்ணை ஓட்டினேன். எல்லாம் டி.வி. மேஜையடியில் போய் முடிகின்றன. இளா எப்போதும் ஃபோன் வைக்கும் இடம். நான் அனுப்பிய பாட்டு வந்த இடம்.

என்கிட்டதான் வந்திருக்கா.

"ஐயோ என் தங்கம், மொத மொத!" என்று நானும் கத்தினேன், பூர்ணிமாவைவிட நன்றாக.

செப்டம்பர் 4
துர்கா இப்போது யோசிப்பதில்லை. டீக்கடையைத் தேடுகிறாள், பாடுகிறாள். மூன்றும் நான்கும் புதிதாக எழுதி முடிந்தது, ஐந்து ஓடுகிறது.

செப்டம்பர் 7
ஸ்டூல் கால்களுக்கு ரப்பர் புஷ் வாங்கி மாட்டினேன். "எதுக்கு?" என்றான் இளா.

"தரை கீறுது."

தலையைச் சொறிந்தான். வரும் ஞாயிற்றுக்கிழமை தரைக்குப் பாலிஷ் போட ஆளைக் கூப்பிட்டிருக்கிறானாம். மற்ற இடமெல்லாம் போடட்டும், டி.வி. மேஜைக்கு முன்னால் மட்டும் வேண்டாம் என்றேன்.