உன் அம்மாவுக்கு சுகர் குறைந்த கதை

அன்பு மகள் சிம்ராவுக்கு உன் அத்தா எழுதிக்கொள்வது, அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உன் அம்மாவும் அல்லாஹ்வின் கிருபையால் நடமாட்டத்தோடு இருக்கிறோம், மெல்போர்ன் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் பேத்தி ஆஃப்ரீனும் சளி இருமல் இல்லாமல் சுகமாக இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் துஆ கேட்கிறேன். போனிலேயே சொல்லலாமே என்று நினைப்பாய். போனை எடுத்தால் உன் அம்மா பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறாள், அவளைப் பற்றிய புகாரை அவள் எதிரிலேயே எப்படிச் சொல்வது, அதனால்தான் நம் மெத்தைக் கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

போன வருஷம் நம் தெருமுனைப் பள்ளிக்கூடத்தில் சர்க்கார் முகாம் போட்டார்களே, எடை பார்த்து, இடுப்பை நாடாவால் அளந்து, விரலில் குத்தி ரத்தம் எடுத்தார்கள், எனக்கும் உன் அம்மாவுக்கும் ஒரே நாளில் சுகர் என்று சொல்லி அனுப்பினார்கள். மாநிலம் முழுக்க இப்படித்தானாம், ஊருக்கு ஊர் குண்டாகிக்கொண்டே போகிறோம், பிரஷரும் சுகரும் இல்லாத வீடே இல்லை என்று அந்த நர்ஸம்மா மைக்கில் சொன்னாள். அன்றிலிருந்து மாசம் ஒரு முறை வீட்டுக்கே வந்து பார்த்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறார்கள், குறை சொல்வதற்கில்லை. எனக்கு வயிற்றெரிச்சலே அதற்குப் பிறகு நடந்ததுதான்.

முழங்கால் வலி என்று மாடிப்படியில் பாதியில் உட்காருவாளே உன் அம்மா, அவள் விடிகாலையில் ஃபஜ்ர் தொழுத கையோடு புர்காவும் கேன்வாஸ் ஷூவுமாக நடைக்குக் கிளம்ப ஆரம்பித்தாள். முகாமில் பழக்கமான பெண்கள் சேர்ந்து ஒரு கூட்டம், அதற்குத் தலைவி நொச்சிக்குப்பத்தில் மீன் விற்கிற முனியம்மாள். லூப் ரோட்டில் கடலைப் பார்த்துக்கொண்டு நடக்கிறார்களாம். திரும்பி வரும்போது தெருமுனையிலேயே அவள் சிரிப்புச் சத்தம் கேட்கும். முப்பது வருஷத்துக்கு மேல் என்னோடு குடித்தனம் செய்தவள், என் பேச்சுக்கு எப்போது அப்படிச் சிரித்தாள் சொல்? வீட்டுக்கு வந்ததும் முனியம்மா அப்படிச் சொன்னா, முனியம்மா இப்படிச் சொன்னா. அவள் சொன்னதால் டீயில் சர்க்கரை போச்சு, தட்டு சின்னதாச்சு, வெள்ளிக்கிழமை பிரியாணி மாசத்துக்கு ஒரு முறை என்று ஆச்சு. இதையே நான் எப்போதாவது சொல்லியிருந்தால் கேட்டிருப்பாளா என்று எனக்கு ஆத்திரம். நான் சொன்னதில்லை, அது வேறு விஷயம்.

வீம்புக்கு நான் கடைப் பக்கத்திலேயே பரோட்டாவும் அல்வாவும் வரவழைத்துத் தின்றேன். அடுத்த தடவை நர்ஸம்மா பார்த்தபோது உன் அம்மாவுக்குக் குறைந்திருந்தது, எனக்கு ஏறியிருந்தது. "பாய், உங்க வீட்டம்மாவப் பாத்துக் கத்துக்கங்க" என்றாள். உன் அம்மா தலையைக் குனிந்துகொண்டாள், ஆனால் உதட்டோரம் சிரிப்பதை நான் பார்த்துவிட்டேன். ஒரே வியாதி, ஒரே மாத்திரை, அவளுக்கு மட்டும் கைதட்டலா? அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை, வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் விடிந்ததும் அவள் போன பிறகு மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டு நானும் பின்னாலேயே போனேன். அங்கே அப்படி என்னதான் சிரிப்பு என்று பார்க்காமல் எனக்கு மனசு ஆறவில்லை. அவர்கள் போகிற வேகத்துக்கு என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை. மீன் கூடைகள் வரிசையாக இருக்கிற இடத்துக்கு வருவதற்குள் வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி, கண் இருட்டிக்கொண்டு வந்தது, ரோட்டோரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். யாரோ கத்தியதில் திரும்பிப் பார்த்த முனியம்மாள்தான் முதலில் ஓடிவந்தாள். "இன்னா பாய், துன்னாம மாத்திர போட்டுகினியா? தோ, இந்த டீயக் குடி, சக்கர தூக்கலா போடச் சொல்லிக்கீறேன்" என்று கிளாஸை என் வாயில் வைத்தாள். உன் அம்மா ஓடி வந்த வேகத்தில் ஒரு ஷூ கழன்று எங்கேயோ கிடந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு அவ்வளவு பேர் முன்னால் அழுதாள். உடம்பு கொஞ்சம் தெளிந்ததும் அங்கேயே கேட்டுவிட்டேன், தினம் எதைப் பற்றி இப்படிச் சிரிக்கிறீர்கள் என்று. முனியம்மாள் முந்திக்கொண்டாள், "வேற இன்னா, உன்னப் பத்திதான். நீ கொறட்ட உடுறத அக்கா அப்டியே செஞ்சு காட்டும், அல்வா துன்னுட்டு மீசையத் தொடைக்காம வர்றதச் சொல்லும். சிரிச்சு முடிச்சிட்டு, அவரு எனக்கு முன்னாடி போய்ட்டா நான் மட்டும் நல்லாருந்து இன்னா பண்றதுன்னு கேக்கும். எங்களுக்கு பதில் தெரியல பாய், நீயே சொல்லு" என்றாள். உன் அம்மா அவள் வாயைப் பொத்தப் போனாள். நான் மீதி டீயைக் குடித்துவிட்டு, கழன்று கிடந்த உன் அம்மாவின் ஷூவைத் தேடி எடுத்துக் கொடுத்தேன் மகளே.

இப்போது டாக்டர் வெங்கடரமணனிடம் காட்டி மாத்திரையைச் சரிசெய்துகொண்டு, இரண்டு இட்லி தின்றுவிட்டு நானும் நடக்கிறேன், அல்ஹம்துலில்லாஹ் சுகர் கொஞ்சம் இறங்கியும் இருக்கிறது. ஆனால் உன்னிடம் மறைப்பானேன், எரிச்சல் இன்னும் போகவில்லை. அந்தப் பெண்கள் பேச்சில் எனக்கு இடமில்லை, பின்னால் தனியாக வருகிறேன். எனக்காக அவள் நடையைக் குறைப்பது தெரிந்ததும் ரோஷம் வந்து, நீ போ, நான் வந்துகொள்கிறேன் என்றேன் நேற்று. போய்விட்டாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதுவும் எனக்குப் பொறுக்கவில்லை, அவளைப் பிடிக்க ஓட்டமும் நடையுமாகப் போனேன், மூச்சு வாங்கியது, ஆனால் விழவில்லை.

பெற்றவர்கள் இரண்டு பேருக்கும் சுகர் இருக்கிறது, அதனால் உன் ரத்தத்தையும் தள்ளிப்போடாமல் சோதித்துப் பார்த்துக்கொள். ஆஃப்ரீனுக்கு ஜூஸ் டப்பா வாங்கித் தராதே. அல்லாஹ் உங்கள் மூவருக்கும் நீண்ட ஆயுளும் பரக்கத்தும் தருவானாக. அடுத்த தடவை பேசும்போது உன் அம்மாவிடம் எவ்வளவு குறைந்தது என்று கேட்கிற மாதிரி என்னிடமும் கேள், மறந்துவிடாதே.

உன் அன்பு அத்தா,
குலாம் முகம்மது
மயிலாப்பூர்