குத்தாமல் விட்ட சுண்டுவிரல்

பாசமுள்ள பவளம் மதினிக்கு,

பாசம் என்று எழுதிவிட்டு, அதை அடித்துவிடலாமா என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். அடிக்கவில்லை. பாசம் இருக்கத்தான் செய்தது. நீ என் அண்ணன் பெண்டாட்டியாக வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே நாம் நீ, வா, போ என்று ஆகிவிட்டோம். இரண்டு பேருக்கும் ஒரே வயசு. ஆத்தா எத்தனை திட்டியும் நான் உன்னை நீங்க என்று கூப்பிட்டதில்லை. இப்போது மட்டும் எதற்கு?

நீ போய் எட்டு வருஷம் ஆகிறது. இதை உனக்கு எழுதினாலும் நாலு பேர் படிக்கும்படி அச்சுக்கும் கொடுக்கப் போகிறேன். உன்னைப் பற்றி நாலு பேர் காதில் போட்டவள் நான்தானே. இதையும் அந்த நாலு பேர் கேட்கட்டும்.

முதலில் நம் போடி ஊர்ச் சேதி சொல்கிறேன். நாம் காய் பொறுக்கிய ஏலக்காய்க் கடை அதே இடத்தில்தான் இருக்கிறது. முதலாளியின் மகன் பார்த்துக்கொள்கிறார். எதிர் டீக்கடையில் டிவிப் பெட்டி வந்துவிட்டது, அதனால் எடைக்காரர் டீ குடிக்கப் போனால் திரும்பி வர ஒரு மணி நேரம். மதுரை ரயில் இன்னும் அதே நடைதான், இறங்கிச் சோலியை முடித்துவிட்டு ஓடிப் போய் ஏறிக்கொள்ளலாம். ஆத்தா போன வருஷம் போய்ச் சேர்ந்தது. அண்ணனுக்கு இரண்டாம் தாரத்தில் இரண்டு பிள்ளைகள். உன் பேரை வீட்டில் யாரும் எடுப்பதில்லை. நானும் எடுத்ததில்லை.

உனக்குத் தெரிந்த கதைதான், ஆனால் நான் செய்த பாதி உனக்குத் தெரியாது. படிக்கிறவர்களுக்கும் புரிய வேண்டும். அதனால் முதலிலிருந்து வருகிறேன்.

எமர்ஜென்சி வந்த வருஷம் அது. மலையிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் காயைத் தரையில் கொட்டி, பச்சை தனி, வெளுத்தது தனி, வெடித்தது தனி என்று பிரிப்போம். ஒவ்வொரு காயிலும் காம்பை நுள்ளி எடுப்போம். காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம் வரை கட்டைவிரலுக்கும் அடுத்த இரண்டு விரலுக்கும் ஓய்வே கிடையாது. உன் வேகத்துக்கு அந்தக் கடையில் ஆள் இல்லை. எனக்கு அதில் கொஞ்சம் பொறாமை உண்டு. அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒரு நாள் நீ என்னிடம் சொன்னாய், "ஈஸு, வெரலுக்குள்ள எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு. திடீர்னு கரண்ட்டு அடிச்சாப்புல சுள்ளுங்குது. அப்பறம் மரத்துப் போயிருது. ஒதறுனா செத்த நேரம் நல்லாருக்கு."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? ஞாபகம் இருக்கிறதா? "சோலி செய்ய வலிச்சா நேராச் சொல்லு மதினி, எறும்பு மேல ஏன் பழி போடுற?" என்றேன். நீ சிரித்துவிட்டு மறுபடியும் குனிந்து காயை எடுத்தாய்.

அதற்குப் பிறகு நீ அடிக்கடி எழுந்து வாசல் பக்கம் போய்க் கையை உதறுவாய். கோழி றெக்கை அடிப்பதுபோல இருக்கும். "என்ன மதினி, பறக்கப் போறியா?" என்று நான் கேட்க, கடையில் இருந்த பொம்பளைகள் எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு வாய் நீளம். அது ஊருக்கே தெரியும். ஊர் சிரித்தால் அது இன்னும் நீளும்.

ஒரு காலை, கொதிக்கக் கொதிக்கக் காப்பி ஊற்றிய டம்ளரை நீ அசையாமல் பிடித்திருந்ததைப் பார்த்தேன். எனக்குச் சிரிப்பு போய்விட்டது. கை மரத்தால் பெருநோய், அதாவது குஷ்டம் என்பதுதான் நமக்குத் தெரிந்த வைத்தியம். அப்போதுதான் தேவாரம் ஊரிலிருந்து என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். பிடித்திருக்கிறது என்று சொல்லியும் அனுப்பியிருந்தார்கள். வீட்டில் அந்த நோய் இருக்கிறது என்றால் யார் வருவார்கள்? உனக்கு என்ன ஆகும் என்று நான் நினைக்கவில்லை மதினி. எனக்கு என்ன ஆகும் என்றுதான் நினைத்தேன்.

இனி வருவதுதான் உனக்குத் தெரியாதது.

அன்று மத்தியானம் நீ எடைக்காரரிடம் ஏதோ கேட்டுக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பியிருந்தாய். உன் வலது கை காய்க் குவியலின் மேல் கிடந்தது. நான் என் ஜாக்கெட்டிலிருந்து ஊக்கைக் கழற்றி உன் ஆட்காட்டி விரலில் குத்தினேன். நீ பேசிக்கொண்டே இருந்தாய். நடுவிரலில் கொஞ்சம் அழுத்திக் குத்தினேன். அப்போதும் நீ திரும்பவில்லை. ஒரு சொட்டு ரத்தம் பச்சைக் காயில் பட்டது. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்துவிட்டுக் கேட்டாய்.

"இது எங்கிட்டு ரத்தம், ஈஸு?"

"காம்பு கிழிச்சிருக்கும்," என்றேன்.

விரலை வாயில் வைத்துச் சப்பிவிட்டு நீ வேலையைப் பார்த்தாய். அன்று சாயங்காலமே ஆத்தாவிடம் சொல்லிவிட்டேன். "ஊக்கு ஏத்துனாக்கூடத் தெரியல ஆத்தா. அதேதான்." ஆத்தாவிடம் மட்டும் சொன்னேனா? கடையில் என் பக்கத்தில் உட்காருகிறவளிடமும் சொன்னேன். யாரிடமும் சொல்லாதே என்று சொல்லித்தான் சொன்னேன்.

ஆத்தா ஆணியை எடுத்து உன் தட்டிலும் டம்ளரிலும் மூன்று கோடு கீறியது. "எதுக்கு அத்தை இது?" என்று நீ கேட்டாய். "ஆளுக்கு ஒண்ணு அடையாளத்தோட இருக்கட்டும்னுதான்," என்றது. வேறு யார் தட்டிலும் கோடு இல்லை என்று உனக்கு மூன்றாம் நாள் புரிந்தது. கடையிலும் உன்னை இனி வர வேண்டாம் என்றார்கள்.

நீ சண்டை போடவில்லை. அண்ணனிடம் ஒன்றுதான் கேட்டாய். "மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கு ஒருக்கக் கூட்டிட்டுப் போங்க. என்னன்னு பாத்துருவோம். அதுவா இருந்தா நானே எங்க ஊருக்குப் போயிர்றேன்."

அண்ணன் போகலாம் என்றுதான் சொன்னார். அடுப்படியிலிருந்து வந்து குறுக்கே விழுந்தவள் நான். "அங்க வரிசையில நிக்கும்போது நம்ம ஊரு ஆளு ஒருத்தன் பாத்தாப் போதும்ணே, தேவாரத்துக்குச் சேதி போயிரும். எங்கல்யாணம் முடியட்டும். அப்பறம் போய்க்கிருங்க."

கல்யாணம் முடிந்தது. அப்புறம் யாரும் போகவில்லை. அதற்கு முன்னாலேயே அண்ணன் உன்னை ராசிங்காபுரத்தில் உன் அம்மா வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தார், அந்தத் தட்டோடும் டம்ளரோடும். என் கல்யாணத்துக்கு நீ யார் கையிலோ ஒரு சேலை கொடுத்து அனுப்பினாய். ஆத்தா அதைத் தொட விடவில்லை. நானும் கேட்கவில்லை.

நீ மலைக்கு ஏறி ஏலத்தோட்டத்தில் காய் எடுத்துப் பிழைப்பதாகச் சொன்னார்கள். அந்த விரல்களை வைத்துக்கொண்டு எப்படி எடுத்தாய்? அங்கே யாரிடமாவது சொன்னாயா, மறைத்தாயா? நாலாம் வருஷம் ஜீப்பு கவிழ்ந்த சேதி வந்தது. உள்ளே உட்கார்ந்திருந்தவர்களுக்குக் கை கால் சிராய்ப்புதான். இடமில்லாமல் பின்னால் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு வந்தவள் நீ.

உன் சாவுக்குத் துட்டி கேட்க வந்தேன். எட்ட நின்று பார்த்துவிட்டுப் போனேன்.

போன வருஷம் எனக்கு எறும்பு ஊர ஆரம்பித்தது மதினி. அதே கை, அதே விரல்கள். என் வீட்டுக்காரர் போடியிலேயே வேலைக்கு வந்துவிட்டதால் நான் பழைய கடையிலேயே காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். விடியும்போது கை தீப்பட்டதுபோல எரியும். வாசலுக்குப் போய் உதறுவேன். உதறினால் உண்மையாகவே சரியாகிறது! நீ பொய் சொல்லவில்லை என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

யாரிடமும் சொல்லவில்லை. ஊருக்கெல்லாம் சொன்ன வாய் தனக்கு வந்ததும் மூடிக்கொண்டது. வேப்பெண்ணெய் தேய்த்தேன், நொச்சி ஒத்தடம் கொடுத்தேன், பேச்சியம்மன் திருநீறு பூசினேன். இடது கையால் டம்ளரை எடுத்தேன். தட்டு கழுவும்போதெல்லாம் இதில் யார் எப்போது கோடு போடுவார்களோ என்று இருக்கும். ஒரு நாள் தண்ணீர்க் குடம் கையிலிருந்து தானாக நழுவி விழுந்தது. வீட்டுக்காரர் ஓடிவந்தார். அழுதுகொண்டே சொல்லிவிட்டேன்.

"இதுக்கா ஒரு வருசமா அழுதுக்கிட்டிருக்க? வா, மதுரைக்குப் போயி என்னன்னு பாப்போம்," என்றார்.

மதினி, அவ்வளவுதான். அதைத்தானே நீயும் கேட்டாய்.

மதுரையில் டாக்டர் ஒரு குண்டூசியை எடுத்தார். கண்ணை மூடச் சொன்னார். கட்டைவிரல், ஆட்காட்டி விரல், நடுவிரல் ஒன்றிலும் சரியாகத் தெரியவில்லை. அப்புறம் சுண்டுவிரலில் குத்தினார். "ஆத்தாடி!" என்று கத்திக் கையை இழுத்துக்கொண்டேன்.

"சுண்டுவிரல் நல்லாருக்குல்ல? அப்பப் பயப்படாதீங்க," என்றார். தோலையெல்லாம் பார்த்தார், முழங்கையைத் தடவிப் பார்த்தார். "மணிக்கட்டுல ஒரு நரம்பு நசுங்குதும்மா. சுண்டுவிரலுக்கு வேற நரம்பு போகுது, அதனால அது தப்பிச்சிருச்சு. நுள்ளுற வேலை செய்யிறவங்களுக்கு வர்றதுதான்."

"பெருநோய் இல்லீங்களா?" என்று கேட்டேன்.

"இல்ல. அதுவா இருந்தாலும் மாத்திரை இருக்கு. யாரையும் வீட்டை விட்டு வெரட்டுற நோயில்ல அது," என்றார்.

அவர் என்னைச் சொல்லவில்லை. ஆனாலும் என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

நான் இரண்டு விரலில்தான் குத்தினேன் மதினி. சுண்டுவிரலில் ஒரு குத்து குத்தியிருந்தால் நீ துள்ளியிருப்பாய். "ஏ கிறுக்கி, என்ன பண்ற?" என்று என்னை மண்டையில் கொட்டியிருப்பாய். எனக்கு ரத்தம் போதும் என்று இருந்தது. நான் தேடியது கிடைத்துவிட்டதே.

வைத்தியம் என்ன என்று கேட்கிறாயா? அதைச் சொல்ல எனக்கு இன்னும் வெட்கமாக இருக்கிறது. படுக்கும்போது மணிக்கட்டு மடங்காமல் ஒரு மரப்பத்தை வைத்துக் கட்டச் சொன்னார். இரண்டு மாசம் காய் நுள்ளும் வேலையை விடச் சொன்னார். அப்புறம் வேலைக்குப் போனாலும் நடுநடுவே எழுந்து கையை உதறச் சொன்னார். நீயாகக் கண்டுபிடித்துச் செய்ததை, நான் கேலி பண்ணியதைத்தான் அவர் மருந்துச் சீட்டு மாதிரி சொல்லி அனுப்பினார். குறையவில்லை என்றால் சின்னதாக ஆப்பரேசன் இருக்கிறது என்றார். அதற்கு அவசியம் வரவில்லை.

வீட்டுக்காரர் பழைய காய்க்கூடையிலிருந்து மூங்கில் பத்தை ஒன்று சீவினார். கிழிந்த வேட்டித் துணியால் சுற்றிக் கட்டினார். ஒரு வாரத்தில் எரிச்சல் அடங்கியது. மூன்றாம் மாசம் கடைக்குப் போய் முதல் காயை எடுத்தேன். காம்பு முனை விரலில் சுருக்கென்று குத்தியது. பக்கத்தில் இருந்தவள், "என்னக்கா கண்ணு கலங்குது?" என்று கேட்டாள். தூசி என்றேன்.

ஒரு மூங்கில் பத்தையும் ஒரு முழத் துணியும். உனக்கு அதுகூடக் கிடைக்கவில்லை. அந்த ஜீப்புக் கம்பி உன் கையிலிருந்து நழுவியதா மதினி? என் குடம் நழுவிய மாதிரி? ஜீப்பு கவிழ்ந்தால் யார்தான் என்ன செய்ய முடியும் என்று எனக்கே சமாதானம் சொல்லிப் பார்க்கிறேன். அந்தச் சமாதானம் மனசில் நிற்கவே மாட்டேன் என்கிறது.

போன மாசம் ராசிங்காபுரத்துக்கு பஸ்சு ஏறினேன். உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். அவர்களுக்குக் கண் மங்கிவிட்டது. குரலை வைத்து என்னைக் கண்டுபிடித்துவிட்டார்கள். "போடி ஈஸுவரியா? வாத்தா, வெயில்ல வந்திருக்க," என்று உள்ளே போய் ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். வாங்கும்போது விரலில் தட்டியது, மூன்று கோடு.

"அவ டம்ளருத்தா. இதுலதான் எல்லாருக்கும் குடுக்கிறது. எம்மகளுக்கு ஒண்ணுமில்லன்னு எனக்குத் தெரியும்," என்றார்கள்.

வாய் நீளமானவள் நான், சொல்ல வந்ததைச் சொல்லவில்லை. அந்தத் தண்ணீரை முழுசாகக் குடித்துவிட்டு, வர்றேன் என்று சொல்லிவிட்டு ஓடி வந்துவிட்டேன்.

வருகிற செவ்வாய்க்கிழமை மறுபடியும் போகிறேன். உன் அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அதனால் இது அச்சில் வருவதற்கு முன்னால் நானே என் வாயால் சொல்ல வேண்டும். ஊக்கையும் சொல்வேன், அண்ணனைத் தடுத்ததையும் சொல்வேன். இந்தத் தடவை தண்ணீர் கொண்டுவந்தால் டம்ளரை வாங்கமாட்டேன். முதலில் சொல்லி முடிப்பேன். கேட்ட பிறகும் கொடுத்தால்தான் குடிப்பேன்.

உன் விரலில் ஊக்கு ஏற்றிய நாத்தனார்,
ஈஸ்வரி