நத்தைக்கு ஒரு கொம்பு

12 செப்டம்பர் 2008, வெள்ளி

இந்த டைரி, நூல் கடையில் என் கணவருக்குக் கொடுத்தது. மே 27 வரைக்கும் அவர் எழுத்து. எந்த டிசைனுக்கு எத்தனை தையல், என்ன கலர் நூல், அவ்வளவுதான் எழுதுவார். அதற்குப் பிறகு எல்லாம் வெள்ளைத் தாள்.

கம்ப்யூட்டர் எப்போதெல்லாம் நிற்கிறது என்று குறித்து வைக்கச் சொன்னார் தமீம். அதற்காகத்தான் இதை எடுத்தேன்.

காலை 10.20. மதியம் 3.05.

13 செப்டம்பர், சனி

9.50. 11.15. 4.40. கடைசித் தடவை அவர் தட்டுவது மாதிரியே பக்கவாட்டில் தட்டினேன். வந்தது. அவர் கை என்று நினைத்துக்கொண்டதோ.

16 செப்டம்பர், செவ்வாய்

தமீம் வந்தார். காதர்பேட்டையில் பழைய கம்ப்யூட்டர் வாங்கி விற்கிற கடை அவருடையது. என் கணவருக்குப் பத்து வருடச் சிநேகிதம். நோன்பு என்பதை மறந்து டீ போட்டுக் கொண்டுபோய் நீட்டிவிட்டேன். "ஆறரை மணி வரைக்கும் சூடா வச்சிருங்கக்கா" என்று சிரித்தார்.

பெட்டியைக் கழற்றிக் காட்டினார். உள்ளே சின்னச் சின்ன டப்பாக்கள், தலை உப்பிப்போய் இருந்தன. "இது இன்னிக்குப் போகுமோ நாளைக்குப் போகுமோ. மாத்தறதுக்கு போர்டு எங்கயும் இல்லீங்க்கா."

எம்பிராய்டரி டிசைன் போடுகிற புரோகிராம் பழைய விண்டோஸில் மட்டும்தான் ஓடும். விரல் அளவுக்கு ஒரு சாவிக் குச்சி இருக்கிறது, அதைப் பின்னால் சொருகினால்தான் திறக்கும். புதுக் கம்ப்யூட்டரில் ஏறவே ஏறாது. பதினோரு வருடம் அவர் போட்ட டிசைன் எல்லாம் அதில். வேறு புரோகிராம் வாங்கினாலும் இவை திறக்காதாம்.

"அண்ணங்கிட்டப் போன வருசமே சொன்னேன். புதுப் பெட்டியில விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் போட்டு, அதுக்குள்ள ஹைப்பர்வைசர்னு ஒண்ணு போடோணும். அதுக்குள்ள பழைய கம்ப்யூட்டர் அப்படியே ஓடும்."

ஒரு பெட்டிக்குள் இன்னொரு பெட்டியா என்று கேட்டேன்.

"நம்ம மண்ணரையில லைன் ஊடு இருக்குதில்லீங்க்கா? ஊட்டுக்காரர் ஒருத்தர். கரண்டு, தண்ணி எல்லாம் அவர்தான் பிரிச்சு உடறாரு. குடியிருக்கறவங்களுக்கு ஆளுக்கொரு தனி ஊடு. அந்த ஊட்டுக்காரர்தான் இது. பழைய கம்ப்யூட்டர் ஒரு ஊட்டுல குடியிருக்கும். தான் குடிமாறி வந்ததே அதுக்குத் தெரியாது."

புரிந்தது. வாடகை கேட்குமா என்றேன். மெமரி கேட்கும் என்றார்.

ரெடிமேடாகக் கிடைக்கிற ஹைப்பர்வைசரைப் போட்டால் அந்தச் சாவிக் குச்சி அதன் கண்ணுக்குத் தெரியவில்லையாம். புதிதாக வந்ததில் தெரியும், ஆனால் அது இன்னும் ரெடிமேடாக வரவில்லை. "பனியனா வாங்க முடியாது. நூலா வாங்கி, நாமளே நிட்டிங் ஓட்டி, வெட்டி, தச்சுக்கோணும்."

21 செப்டம்பர், ஞாயிறு

அண்ணி வந்திருந்தார், அவருடைய அக்கா. மாரக்காள் என்றால் குன்னத்தூரில் தெரியாதவர்கள் இல்லை. உட்கார்ந்ததும் பேச்சு எங்கள் எம்பிராய்டரி மிஷினைப் பற்றித்தான். நல்ல விலைக்கு ஆள் இருக்கிறது, கொடுத்துவிட்டு ஊரோடு வந்துவிடு என்கிறார்.

"ஆறாவது படிச்சவ நீ. அவன் ரெண்டு கையையும் வச்சுக்கிட்டு மல்லுக்கட்டுன பொட்டிய நீ என்னத்தக் கண்ணு பண்ணுவே?"

கெட்ட எண்ணம் இல்லை. தம்பி பெண்டாட்டி மிஷின் ரூமில் தனியாகக் கிடக்கிறாளே என்று அவருக்கு அடித்துக்கொள்கிறது. கடைசியில் அவரே, "சரி, விஜயதசமி வரைக்கும் பாரு. அதுக்குள்ள டிசைன் வந்தா ஓட்டிக்க. வல்லீன்னா மிசினக் குடுத்தரலாம்" என்றார்.

சரி என்று சொல்லிவிட்டேன். எந்தத் தைரியத்தில் சொன்னேன்?

25 செப்டம்பர், வியாழன்

சாயங்காலம் நத்தையைத் திறந்து பார்த்தேன். தினமும் பார்க்கிறேன், யாருக்கும் தெரியாது. எனக்கு அந்தப் புரோகிராமில் திறக்கவும் மூடவும் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்து கொஞ்சம் போடவும் தெரியும்.

குழந்தைச் சட்டைக்கு, நெஞ்சுப் பக்கம் வைக்கிற நத்தை. எங்களுக்கு ஆர்டர் கொடுக்கிற கம்பெனியில் டேனியல் சார் கேட்ட சாம்பிள். மே 28 காலையில் உட்கார்ந்து ஓடு போட்டார், உடம்பு போட்டார், ஒரு கொம்பு போட்டார். நெஞ்சை என்னவோ பண்ணுகிறது என்று எழுந்தார். ஆட்டோவில் ஏறும்போது, "கம்ப்யூட்டர அமத்தீராத, வந்து இன்னொரு கொம்பு வெக்கோணும்" என்றார்.

மறுநாள்தான் அமர்த்தினேன். சேவ் பண்ணிவிட்டு.

29 செப்டம்பர், திங்கள்

தமீம் வேறு பெட்டி கொண்டுவந்தார், செகண்ட் ஹேண்ட். ஒரு கம்ப்யூட்டருக்குள் இன்னொன்றை ஓட்டுகிற பிராசசராகத் தேடி எடுத்தாராம். லினக்ஸ் போட்டார். பிறகு பழைய பெட்டியின் டிஸ்க்கை அப்படியே படி எடுக்க விட்டார். எட்டு மணி நேரம். நடுவில் இரண்டு தடவை நின்றது. மூன்றாவது தடவைதான் முழுசாக வந்தது. அதற்குள் நான் வேண்டாத சாமி இல்லை.

3 அக்டோபர், வெள்ளி

நேற்று ரம்ஜான். தமீம் சம்சாரம் மெஹ்ஜபின் தூக்குப்போசியில் பிரியாணி கொடுத்தனுப்பியிருந்தது. இன்றைக்கு அவர்கள் அந்தப் பிள்ளையின் அம்மா வீட்டுக்குக் காயல்பட்டினம் கிளம்புகிறார்கள். பத்து நாள் ஆகும் வர. அப்படியென்றால் விஜயதசமி போய்விடுமே.

தமீம் நாலு தாளில் எழுதிக் கொடுத்தார், எல்லாம் இங்கிலீஷ். "இத அப்படியே அடிக்கோணும். சந்தேகம்னா போன் பண்ணுங்க. ஒரு எழுத்துப் பிசகுனாலும் ஓடாதுங்க்கா, முடியுமா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பதினோரு வருடமாக நான் செய்வதே அதுதான். பனியனில் விழுகிற எழுத்தை, துணி தலைகீழாக இருந்தாலும், உள்பக்கம் திரும்பியிருந்தாலும், ஒவ்வொன்றாகச் சரிபார்த்து அனுப்புகிறவள் நான். அர்த்தம் ஒன்றுகூடத் தெரியாது. ஆனால் ஒரு எழுத்துக்குக் கால் குட்டையானால் கண்ணில் குத்தும்.

சிரித்து எத்தனை நாள் ஆயிற்று என்று பிறகு யோசித்தேன்.

4 அக்டோபர், சனி

பழைய பெட்டி போய்விட்டது. லைட்டே எரியவில்லை. தட்டினேன், பலமாகத் தட்டினேன். இல்லை.

இனி எல்லாம் அந்தப் புதுப் பெட்டிக்குள்தான். அதுவும் திறக்க வழியில்லாமல்.

6 அக்டோபர், திங்கள்

காலையிலிருந்து தாளைப் பார்த்து அடிக்கிறேன். கருப்புத் திரை, வெள்ளை எழுத்து. படம் இல்லை, பட்டன் இல்லை. அடித்தால் ஒரு வரி பதில் வருகிறது, சண்டைக்காரி மாதிரி.

அது இல்லை, இது இல்லை என்றே சொல்கிறது. போனில் ஒவ்வொரு எழுத்தாகப் படித்துக் காட்டினேன். தமீம் சொன்னார்: "சட்டை தைக்க உக்காந்தா ஜிப்பு இல்லை, பட்டன் இல்லை, எலாஸ்டிக் இல்லைன்னு நிக்கறதில்லீங்களா, அதே கதைதான். ஒவ்வொண்ணா வாங்கிப் போடுங்க." ஏழு சாமான் இல்லாமல் இருந்தது. நெட்டிலிருந்து ஒவ்வொன்றாக இறக்கினேன். ஏழாவது போட்ட பிறகு ஒன்றும் பேசவில்லை. பேசாமல் இருந்தால் சரி என்று அர்த்தமாம்.

எங்களிடம் நூல் மாட்டுகிற சீனியம்மாள் எட்டிப் பார்த்தாள், திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. "என்னக்கா, கம்ப்யூட்டர் கிளாஸுக்குப் போகுதியளா? எனக்கும் ஒரு சீட்டுப் போட்டு வையுங்க" என்றாள்.

8 அக்டோபர், புதன்

ஆயுத பூஜை. மிஷின் ஓட்டாத நாள், கரண்டு போகாமல் இருக்கும், கம்ப்யூட்டரை இன்றைக்கு ஓட விட்டுவிடலாம் என்று நினைத்தேன். என் புத்தி. காலை ஏழு மணிக்கு மூன்றாவது தாளில் இருந்த, ஹைப்பர்வைசரைத் தைக்கிற வரியை அடித்தேன். மேக் வேர்ல்ட். வேர்ல்ட் எழுத்து எனக்குத் தெரியும், உருண்டை வைத்து எத்தனை டீ-சர்ட்டில் போட்டிருக்கிறோம். எழுத்து கொட்ட ஆரம்பித்தது, நிற்காமல். ஐந்தாறு மணி நேரம் ஓடும், கைவைக்கக் கூடாது என்று தமீம் சொல்லியிருந்தார்.

பத்து மணிக்கு அண்ணி வந்தார். அவர் போய் வருடம் திரும்பாததால் நான் பூஜையில் நிற்கக் கூடாது. உள்ளே போய் உட்கார்ந்தேன். அண்ணியும் சீனியம்மாளும் மிஷினைத் துடைத்துப் பொட்டு வைப்பது சத்தத்திலேயே தெரிந்தது. மணி அடித்தார்கள். நடுவில் யு.பி.எஸ். பீப் பீப் என்று கத்தியது. பிறகு அதுவும் இல்லை.

ஓடிப்போய்ப் பார்த்தேன். திரை கருப்பு. திரைக்கு நெற்றியில் சந்தனம், குங்குமம்.

"மெயினை அமத்துனேன், அப்பவும் இந்தச் சனியன் கத்திக்கிட்டே இருந்துச்சு. அதையும் அமத்திப் போட்டேன். ஆயுதத்துக்கு இன்னிக்கு ஓய்வு கண்ணு. அதென்ன ஒண்ணு மட்டும் ஓடறது?"

அவர் மேல் என்ன தப்பு. வருடா வருடம் அவர் தம்பியே மெயினை அமர்த்திவிட்டுத்தான் சூடம் காட்டுவார். நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல விட்டுவிட்டேன். இன்றைக்குப் போய் ஆரம்பித்தேனே.

நாளை காலையில் மறுபூஜை போட்டுத்தான் எதையும் ஓட்டலாம் என்கிறார். தமீம் போன் ஸ்விட்ச் ஆஃப். நத்தையும் போயிருக்குமா? எல்லாமே அதுக்குள்ளதானே. என்ற சாமி, நான் யாரப் போய்க் கேப்பேன். அமத்தீராதன்னு சொல்லிட்டுப் போனாரே, ரெண்டாவது தடவையும் அமத்திப் போட்டனே—

9 அக்டோபர், வியாழன், விஜயதசமி

அப்படியே எழுதுகிறேன், மறந்துவிடக் கூடாது.

ஆறரைக்கு அண்ணி சூடம் காட்டி மெயினைப் போட்டார். கம்ப்யூட்டர் வந்தது. லினக்ஸ் என்னென்னவோ சரிபார்த்துவிட்டுத் திறந்தது. மூன்றாம் தாளை எடுத்து, மறுபடியும் மேக் அடித்து, வேர்ல்டில் முதல் எழுத்தை அடிக்கும்போது போன் அடித்தது. தமீம்.

நேற்று பாதியில் நின்றதைச் சொன்னேன். "அக்கா, மறுபடி வேர்ல்டு போட்டுட்டீங்களா?"

"போடப் போறேன்."

"வேண்டாம், வேண்டாம். கைய எடுங்க. அது இருக்கறதையெல்லாம் தொடச்சுப் போட்டு மொதல்ல இருந்து உலகத்தப் படைக்கும். மேக் டிஸ்ட்னு போடுங்க. முடிஞ்சத மறுபடி பண்ணாது. விட்ட எடத்துல இருந்து எடுத்துக்கும்."

"நடுவுல நின்னு போனா கெட்டுப்போகாதா?"

"நம்ம ஊர்க் கரண்டுக்கு எத்தனை தடவை நின்னிருக்கும். அது பாட்டுக்கு எந்திரிச்சு வந்துக்கும்க்கா."

"டிசைன் எல்லாம்?"

"அது தனியா இருக்குது. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லீங்க. அழுகறீங்களா?"

இல்லை என்றேன்.

டிஸ்ட் போட்டேன். கொஞ்ச தூரம் போய் ஒரு ஃபைலில் முட்டி நின்றது. கரண்டு போன நேரத்தில் பாதியில் இருந்த ஃபைலாம், வெறும் கூடாக இருந்தது. அந்த ஒன்றை மட்டும் அழிக்கச் சொன்னார். அழித்துவிட்டு மறுபடி டிஸ்ட். ஓடியது. அண்ணி பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். "இத்தனை எழுத்தும் நீயா கண்ணு எழுதறே?" என்றார். அதுவே எழுதிக்கொள்கிறது என்றேன். நம்பவில்லை.

ஒன்றேகாலுக்கு முடிந்தது. நாலாம் தாள். அணைத்துப் போட்டேன். லினக்ஸ் வருவதற்கு முன்னால் ஹைப்பர்வைசர் வந்து உட்கார்ந்தது. சாவிக் குச்சியைச் சொருகி, அதன் நம்பரைத் தாளில் சொன்ன இடத்தில் எழுதி, கடைசி வரியை அடித்தேன்.

திரைக்குள் ஒரு சின்னத் திரை. அதற்குள் அந்தப் பழைய விண்டோஸ். அவர் வைத்திருந்த பச்சைக் கலர், அவர் வைத்த இடத்திலேயே எல்லாம். புரோகிராமைத் தொட்டேன். குச்சியில் சிவப்பு லைட் எரிந்தது. திறந்துவிட்டது.

நத்தையைத் திறந்தேன். அண்ணி குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"இந்தப் பூச்சிக்கு இன்னொரு கொம்பு எங்க?"

சொன்னேன். ஆட்டோவில் ஏறும்போது சொன்னது வரைக்கும் சொன்னேன். இத்தனை நாள் யாரிடமும் சொல்லவில்லை. அண்ணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வெளியே போனார். திரும்பி வரும்போது போனில் பேசிக்கொண்டே வந்தார். மிஷின் வாங்க வருகிறேன் என்றவரிடம், "இல்லீங், குடுக்கறதா இல்லீங். என்ற தம்பி பொண்டாட்டி ஓட்டிக்குவா."

10 அக்டோபர், வெள்ளி

அஞ்சு மணி நேரம் தூங்கினேன். இடையில் எழவில்லை.

15 அக்டோபர், புதன்

கொம்பு வைத்தேன். இரண்டு தடவை அழித்தேன். முதலாவது ஈர்க்குச்சி மாதிரி இருந்தது. இரண்டாவது தையல் நெருக்கமாகி நூல் அறுந்தது. அவர் தையலை எண்ணி, அதே இடைவெளிதான் என்று பிடிபட்டதும் வந்துவிட்டது. துணியில் ஓட்டியதும் சீனியம்மாள், "நத்தை உசுரோட இருக்குக்கா, ஊர்ந்து போயிராம மேல டப்பாவை வையுங்க" என்றாள்.

டைரியில் அவர் எழுதுவது போலவே எழுதினேன்: நத்தை. 6,412 தையல். சாம்பல், பழுப்பு, கருப்பு.

22 அக்டோபர், புதன்

சாம்பிளைக் கம்பெனிக்குக் கொண்டுபோனேன். டேனியல் சார் லென்ஸ் வைத்துப் பார்த்தார். திருப்பிப் போட்டு உள்பக்கம் பார்த்தார். "நல்லா இருக்குதுங்க. இப்படியே ஓட்டுங்க" என்று கையெழுத்துப் போட்டார். எந்தக் கொம்பு யார் போட்டது என்று அவருக்குத் தெரியவில்லை. நானும் சொல்லவில்லை.