பதினேழு இப்போது எந்த ஊரில்?

சாஸ்கட்டூன்,
கனடா,
செப்டம்பர் 15, 1996

அன்புத் தம்பி பொக்டானுக்கு,

நலமா என்று கேட்கமாட்டேன். பாலைவனத்தில் குளிர்காய்கிறவனுக்கு என்ன குறை? நீங்கள் கிளம்பி மூன்று மாதமாகிறது, உன்னிடமிருந்து வந்தது ஒரே ஒரு தபால் அட்டை. அதிலும் கள்ளிச்செடிப் படம். இங்கே உருளைக்கிழங்கு தோண்டியாயிற்று. உனக்கென்று ஊறப்போட்ட முட்டைக்கோஸைப் பக்கத்து வீட்டு ஃப்ரீசனுக்குக் கொடுத்துவிட்டேன். அவன் ஒவ்வொரு வாய்க்கும் நன்றி சொல்லிச் சாப்பிடுகிறான். நீ ஐம்பது வருடத்தில் ஒரு தடவை சொன்னதுண்டா?

அணி போனதற்கு ஊரில் இன்னும் துக்கம் விசாரிப்பது ஓயவில்லை. ரொட்டிக்கடையில் ஹெல்கா எல்லார் முன்னாலும் கேட்டாள்: "என்ன ஸ்டெஃபா, உன் தம்பியும் அந்தப் பணக்காரன் பின்னாடி ஓடிட்டானாமே?" "ஓடலடி. ஐஸ் ஹாக்கி அணியையே ஒருத்தன் விலைக்கு வாங்கித் தூக்கிட்டுப் போனா, அதுக்குச் சட்டை தைக்கிறவன் இங்க இருந்து யாருக்குத் தைக்கிறது? உனக்கா?" என்றேன்.

போன வாரம் அரங்கத்துக் காவல்காரரிடம் கெஞ்சி உள்ளே போனேன். மேற்குப் பக்கம், என் பிள்ளை மார்க்கியானின் கொடி தொங்கிய இடத்துக்கு நேர் கீழே என் இருக்கையில் உட்கார்ந்தேன். அவன் ரோஸ்டவுன் சாலையில் பனிப்புயலில் போய்ச் சேர்ந்த பிறகு, இந்த ஐந்து வருடமும் காலைப் பயிற்சி பார்க்க அங்கேதான் உட்கார்ந்தேன் என்பது உனக்குத் தெரியும். எதற்கு உட்கார்ந்தேன் என்பதுதான் உனக்குத் தெரியாது. பையன்கள் எல்லாரும் உள்ளே போன பிறகு, காலியான பனியில் ஒருவன் மட்டும் வேகமாக வந்து சரேலென்று நிற்கிற சத்தம் கேட்கும். என் பிள்ளை நிற்கிற சத்தம் எனக்குத் தெரியாதா?

இப்போது அங்கே பனி இல்லை, வெறும் சிமெண்டுத் தரை. ஒரு மணி நேரம் இருந்தேன். அவன் அங்கே இல்லை, பொக்டான். எனக்குப் பைத்தியம் என்று நினைத்தால் நினைத்துக்கொள். அவனுடைய பதினேழாம் எண் கொடி எங்கே? உடைமாற்றும் அறையில் அவன் இடத்தில் அப்படியே விட்டுவைத்திருந்த ஸ்கேட்டுக் காலணிகள் எங்கே? உடனே எழுது.

உன் அக்கா,
ஸ்டெஃபா


டூசான், அரிசோனா,
அக்டோபர் 6, 1996

அக்கா ஸ்டெஃபாவுக்கு, பொக்டான் வணங்கி எழுதுவது.

ஐம்பது வருட நன்றியையும் சேர்த்து இதோ சொல்லிவிட்டேன். இனி என் முட்டைக்கோஸை அந்த ஃப்ரீசனிடம் காட்டாதே.

இங்கே அக்டோபரிலும் அடுப்புக்குள் இருக்கிற மாதிரி வெயில். ஜனங்கள் அரைக்கால் சட்டையோடு ஆட்டம் பார்க்க வருகிறார்கள், உள்ளே வந்ததும் குளிரில் நடுங்குகிறார்கள். யாராவது இருவர் அடித்துக்கொண்டால் எழுந்து நின்று கத்துகிறார்கள், கோல் விழும்போது பக்கத்தில் இருப்பவனைப் பார்த்து, "இப்ப என்ன ஆச்சு?" என்று கேட்கிறார்கள். நம் ஹாரியர்ஸ் என்ற பேரையும் எடுத்துவிட்டார்கள். சட்டையில் பருந்து போய் ஒரு கள்ளிச்செடி வந்திருக்கிறது. அதற்குக் கண்ணும் பல்லும் வேறு. ஐந்நூறு சட்டையில் அதைத் தைத்த பாவம் என்னைச் சும்மா விடாது.

நீ கேட்டதற்கு வருகிறேன். கொடி ஒரு பெட்டியில் மடித்தபடி இருக்கிறது, இன்னும் தொங்கவிடவில்லை. ஸ்கேட்டுகளை நான்தான் கட்டி எடுத்துவந்தேன். உன்னிடம் கொடுத்திருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. ஆனால் அணி எங்கே ஆடப் போனாலும் அவனுடைய பையையும் எடுத்துப்போய் அவனுக்கும் ஓர் இடம் போடுவதுதானே நம் வழக்கம்? ஐந்து வருடப் பழக்கத்தில் கை தானாகவே கட்டிவிட்டது. இந்த முறை போனால் திரும்பி வருகிற பயணம் இல்லை என்பது லாரி கிளம்பிய பிறகுதான் உறைத்தது. இங்கேயும் அவனுக்கு ஓர் இடம் போட்டு, கொக்கியில் மாட்டிவைத்திருக்கிறேன்.

மற்றபடி இங்கே விசேஷம் ஒன்றுமில்லை. நீ கண்டதையும் நினைத்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

உன் தம்பி,
பொக்டான்


சாஸ்கட்டூன்,
அக்டோபர் 20, 1996

தம்பி,

விசேஷம் ஒன்றுமில்லை என்று நீயாக எழுதினால் விசேஷம் இருக்கிறது என்று அர்த்தம். பொய் சொல்லவும் ஒரு சாமர்த்தியம் வேண்டும். சின்ன வயதிலிருந்தே உனக்கு அது கிடையாது. அவன் அங்கே வருகிறானா, இல்லையா?

ஸ்டெஃபா


டூசான்,
நவம்பர் 10, 1996

அன்புள்ள அக்காவுக்கு,

வருகிறான்.

எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். இங்கே பனித்தளத்தை மெழுகுகிற வண்டியை ஓட்டுகிறவர் ரூபேன் என்று ஒரு நல்ல மனிதர். காலையில் அவர் தண்ணீர் விட்டு மெழுகிவிட்டுப் போனால் தளம் கண்ணாடி மாதிரி இருக்கும். முதல் வாரமே என்னைக் கூப்பிட்டுத் திட்டினார். "யோவ் பொக்டான், உங்க பையங்கள்ல எவன்யா நான் மெழுகின உடனே இறங்கிடறான்? காய விட மாட்டானா?" போய்ப் பார்த்தேன். இடது மூலையிலிருந்து கிளம்பி, கோல் கம்பத்தைச் சுற்றி ஸ்கேட் கீறிய ஒரே ஒரு கோடு. பையன்கள் யாரும் அப்போது வந்திருக்கவில்லை. வாசலில் ஈரமும் இல்லை.

இடது காலில் மட்டும் பாரம் போட்டு அப்படி வளைகிறவன் ஒருவன்தான் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். "எங்க பையன்தான் ரூபேன். நான் சொல்லி வைக்கிறேன்" என்றேன். பிறகு உண்மையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, "அப்ப நான் கொஞ்சம் சீக்கிரமா மெழுகிடறேன். அவனுக்கு நேரம் கிடைக்கட்டும்" என்றார். எனக்குப் பயமாக இல்லை, அக்கா. சத்தியமாகச் சொல்கிறேன், சந்தோஷமாகவே இருந்தது. அந்நிய ஊரில் எனக்கென்று ஒருவன் இருக்கிறான் என்றிருந்தது. உன்னிடம் மறைத்தது அதனால்தான்.

இன்னொன்றையும் மறைக்க முடியாது. மினசோட்டாவிலிருந்து ஹால்வர்சன் என்று ஒரு புதுப் பையன் வருகிறான். அவனுக்குப் பதினேழாம் எண்ணைக் கொடுக்கச் சொல்லிவிட்டார் மேலாளர். அது இறந்தவனுக்கு மரியாதையாகக் கொடியில் போட்டுக் கூரையில் ஏற்றிய எண், இனி யாரும் போடக் கூடாதது என்று சொன்னேன். "உங்க ஊர்ல செத்தவங்கள இந்த ஊர்ல யாருக்குத் தெரியும்? நம்பர் சும்மாத்தானே கெடக்கு?" என்கிறார். நான் இன்னும் ஊசியைத் தொடவில்லை.

பொக்டான்


சாஸ்கட்டூன்,
நவம்பர் 28, 1996

என் தம்பி பொக்டானுக்கு,

உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் வெட்கக்கேடு. அவன் ஆடுகிறான் என்று படித்ததும் அழுதேன். பிறகு கோபம் வந்தது. பெற்றவள் இங்கே வெறும் சிமெண்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், தாய்மாமன் நீ அவனை வைத்துக்கொண்டு சந்தோஷமாக இருந்திருக்கிறாய்.

அந்த எண்ணை நீ தைக்காதே. வேறு யாராவது தைத்தால் அது அவர்கள் பாவம். உன் கை அதைத் தொடக் கூடாது. தன் இடத்தில் இன்னொருவன் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் அவன் எங்கே போவான்? அந்த ஊரில் அவனுக்குத் தெருக்கூடத் தெரியாதே.

ஸ்கேட்டுகளை எடுத்துக்கொண்டு புறப்பட்டு வா. ஜனவரி ஆறாம் தேதி, நம் உக்ரேனியக் கிறிஸ்துமஸுக்கு முந்தின புனித மாலை விருந்துக்கு இங்கே இரு. கோதுமையும் தேனும் கசகசாவும் போட்டுக் குத்யா கிண்டி வைக்கிறேன். போனவர்களுக்கென்று மேசையில் ஒரு தட்டு வைப்போமே, அந்தத் தட்டுக்கு அவனைக் கூட்டிக்கொண்டு வா. வேலை போனால் போகட்டும். நான் சோறு போடுகிறேன்.

உன் அக்கா,
ஸ்டெஃபா


டூசான்,
டிசம்பர் 29, 1996

அக்கா,

தைத்துவிட்டேன்.

மேலாளர் மிரட்டியதற்காகத் தைக்கவில்லை. அந்தப் பையன் ஹால்வர்சன் என்னிடம் வந்தான். இருபது வயதுகூட இல்லை. "இது இன்னொருத்தர் நம்பர்னு எனக்கு யாருமே சொல்லலைங்க. நீங்க வேற எதாவது குடுங்க, நான் போட்டுக்கறேன்" என்றான். சொல்லும்போது கையில் ஒரு கம்பளித் தொப்பியை வைத்துத் திருகிக்கொண்டிருந்தான். அதில் பதினேழு என்று பின்னியிருந்தது. "யாருடா பின்னினது?" என்று கேட்டேன். "அம்மா. சின்னதுலேர்ந்து எனக்கு இதான் நம்பர்" என்றான். அக்கா, நீ இருந்திருந்தால் நீயும் ஊசியை எடுத்திருப்பாய். எடுக்கமாட்டாய் என்றாலும் நான் எடுத்துவிட்டேன். மார்க்கியானின் ஸ்கேட்டுகளைக் கொக்கியிலிருந்து எடுத்து என் அறையில் வைத்தேன்.

மறுநாள் காலையில் தளம் சுத்தமாக இருந்தது. அதற்கு அடுத்த நாளும். ரூபேன் தினமும் மெழுகிவிட்டுச் சுவரோரம் நின்று காத்திருக்கிறார். "உன் பையன் கோவிச்சுக்கிட்டானாய்யா?" என்று கேட்டார். உன் பிள்ளையை நான் தொலைத்துவிட்டேன், அக்கா. நீ நம்பி விட்ட பிள்ளையை வழி தெரியாத ஊரில் தொலைத்துவிட்டேன்.

புனித மாலைக்கு விடுப்பு தர மறுத்துவிட்டார்கள். பிப்ரவரியில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஒரேயடியாக வந்துவிடுகிறேன். இந்த ஊரும் வேண்டாம், இந்தக் கள்ளிச்செடியும் வேண்டாம். உன் வீட்டின் பின்னறையை எனக்கு ஒழித்து வை. என்னை அடி, திட்டு. வெளியே மட்டும் நிறுத்திவிடாதே.

உன் தம்பி,
பொக்டான்


சாஸ்கட்டூன்,
ஜனவரி 12, 1997

என் செல்லத் தம்பிக்கு,

அழாதே. நீ யாரையும் தொலைக்கவில்லை. அவன் வீட்டுக்கு வந்துவிட்டான்.

உன் கடிதம் புனித மாலைக்கு முன்பே கிடைத்தது. அதைப் படித்துவிட்டு, கொல்லையில் குழாயைப் போட்டுத் தண்ணீர் விட்டுப் பனித்தளமாக உறையவைத்தேன். அவன் சின்னப் பிள்ளையாக இருந்தபோது நம் அப்பாவும் நீயும் ஒவ்வொரு குளிர்காலமும் செய்வீர்களே, அதே மாதிரி. மைனஸ் முப்பது டிகிரிக் குளிரில் கிழவி குழாயும் கையுமாக நிற்பதைப் பார்த்து ஃப்ரீசன் ஓடிவந்தான். "யாருக்கும்மா இது?" என்றான். "வர்றவங்களுக்கு" என்றேன். வேறு எதுவும் கேட்காமல் அவனும் ஒரு கை கொடுத்தான்.

புனித மாலையன்று என்ன நடந்தது, மறுநாள் காலையில் கொல்லையில் என்ன இருந்தது என்றெல்லாம் கேட்காதே. நான் எழுதமாட்டேன். எழுதினால் உனக்குப் பார்க்க ஆசை வரும்.

நீ தைத்ததில் எனக்குக் கோபமில்லை. நீ தைக்காமல் இருந்திருந்தால் அவன் இன்னும் அங்கேதான் ஆடிக்கொண்டிருப்பான். அந்த மினசோட்டாக்காரியின் பிள்ளை நூறு வருடம் இருக்கட்டும். நன்றாக ஆடட்டும்.

இப்போது சொல்லப்போவதை எழுத எனக்கு ஐந்து நாள் ஆயிற்று. நீ வராதே, பொக்டான். பிப்ரவரியிலும் வேண்டாம், அதற்குப் பிறகும் வேண்டாம். உனக்கே தெரியும், அவனுக்கு முதலில் அணி, அப்புறம்தான் அம்மா. பதினாறு வயதில் பையைத் தூக்கிக்கொண்டு போனவன் ஒரு தடவை திரும்பிப் பார்த்தானா? அவனைப் பொறுத்தவரை நீதான் இப்போது அணி. நீ வந்தால் ஓடிவந்து உன் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வான். என்றைக்காவது நீ ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டு வாசல் தாண்டினால், கடைக்குப் போனாலும்கூட, அவனும் எழுந்துவிடுவான். எனக்கு இன்னொரு தடவை முடியாது.

உன்னைத் தூக்கி வளர்த்த கைதான் இதை எழுதுகிறது. பின்னறையைப் பூட்டிவிட்டேன். ஸ்கேட்டுகளை அனுப்பாதே. கடிதமும் வேண்டாம். உன் கையெழுத்தை அவன் அடையாளம் கண்டுகொள்வான்.

நான் போன பிறகு வா. அப்போது அவனைக் கூட்டிக்கொண்டு போ.

ஸ்டெஃபா