கழற்றிய கம்மல்

டெக்சஸ்,
வியாழக்கிழமை

அன்புள்ள அம்மா,

இன்று யரேலி போட்ட சண்டைக்காக அவள் பள்ளியில் விசாரணை. நீ உட்கார வேண்டிய நாற்காலியில் நான் உட்கார்ந்தேன்.

காரிலேயே சொல்லியிருந்தேன்: "அந்தப் பொண்ணு பிரீசாதான் முதல்ல அடிச்சான்னு சொல்லுடி. கேமரால அது விழல. இல்லேன்னா தண்டனையா உன்னை மாற்றுப் பள்ளிக்கு அனுப்பிடுவாங்க."

"சரிக்கா" என்றாள். வாங்கிக் கொடுத்த டாக்கோவைத் தொடவே இல்லை.

துணை முதல்வரே வழியும் எடுத்துக் கொடுத்தார். "அந்தப் பொண்ணு திடீர்னு உன்மேல பாஞ்சாளா?"

"இல்ல சார். நான் கம்மலக் கழட்டி சிநேகிதி கையில குடுத்துட்டுத்தான் போனேன்."

கம்மலைக் கழற்றுகிறவள் அடிக்கத் தீர்மானித்துவிட்டாள் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"யோசிச்சுத்தான் சொல்றியாம்மா?"

"அவ எங்கம்மாவப் பத்திப் பேசினா. ஆனா முதல்ல அடிச்சது நான்தான். அது எங்கம்மா கம்மல் சார், உடைஞ்சிடக் கூடாதுல்ல?"

நீ உள்ளே போன அன்று கழற்றிக் கொடுத்தாயே, அதே வளையக் கம்மல். நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன் அம்மா. நான் தலைவாரிவிடும் பிள்ளைதான். ஆனால் எழுந்து நின்று வணங்க வேண்டும் போலிருந்தது.

திங்கட்கிழமை முதல் மாற்றுப் பள்ளி. வாசலில் சோதனை உண்டு, நகை கூடாது. திரும்பும்போது கம்மலை என் மடியில் வைத்தாள்.

"அம்மாவுக்கும் அங்க போட விடமாட்டாங்க. எனக்கும் இனிமே முடியாது. நீ போட்டுக்கக்கா. யாராவது ஒருத்தர் போட்டிருக்கணும்."

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து முதலில் என் காதைப் பார்.

உன் மூத்தவள்