நிறுவனம் போட்டது சம்பளமல்ல

ஸ்ட்ராதி,

பயறு சூப் அடுப்பில் இருக்கிறது. நான் உன் அப்பாவின் கல்லறைக்கு விளக்கேற்றப் போகிறேன். கணக்கர் ஃபோதினி வருவாள், கதவைத் திற.

நீ பைக்கில் வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் நிறுவனம் நேற்று உன் கணக்கில் போட்டது சம்பளமல்ல. நீ இப்போது சொந்தத் தொழில் செய்பவன்; உனக்காக யாரும் வரி பிடித்து வைப்பதில்லை. விற்பனை வரி, வருமான வரி, வண்டி ஓட்டாத மாதத்துக்கும் கட்டவேண்டிய காப்பீடு எல்லாம் அந்தப் பணத்துக்குள்தான் இருந்தன. நீயோ முதல் வருமானம் என்று பாதித் தெசலோனிகி நகரத்துக்கே ஊசோ மது வாங்கி ஊற்றினாய். நான் கேட்டதற்கு, "உன் நச்சரிப்பு தாங்காமத்தான் அப்பா செத்தாரு, என்னையாவது விடும்மா" என்றாய்.

சரி, கேள். உன் அப்பாவும் தன் பெயர்கொண்ட புனிதரின் திருநாளன்று, நீ நேற்று ஊற்றிய அதே கடையில் எல்லாருக்கும் வாங்கிக் கொடுத்தார். "நான் ஒழச்ச காசுடி, எவன் கேப்பான்?" என்று சிரித்தார். வரித் தவணை கேட்டது. அதைக் கட்ட, மற்ற ஓட்டிகள் வீட்டுக்குப் போன பிறகும் அவர் ஆலங்கட்டி மழையில் பைக் ஓட்டினார். பேருந்துக்கு அடியில் போனார்.

அவர் செலவில் குடித்தவர்கள் அடக்கத்துக்கு வந்தார்கள். வழக்கப்படி காபியும் பிராந்தியும் கொடுத்தோம். "லாம்ப்ரோஸ் மாதிரி தாராளமான ஆளு உண்டா!" என்று சொல்லி, இன்னொரு கோப்பை கேட்டார்கள்.

பி.கு. நீ எறிந்த பெட்ரோல் ரசீதுகளைக் குப்பையிலிருந்து பொறுக்கி மேஜைமேல் வைத்திருக்கிறேன். வரியைக் குறைப்பவை அவைதான்.

இன்னொன்று. நேற்று உன் செலவில் குடித்தவர்களும் அவர்களேதான். இன்னொரு முறை அவர்களுக்குப் பிராந்தி ஊற்ற என்னால் முடியாது.